முதல் கிட்டார்: எந்தக் கம்பெனி என்பதற்கு முன் பார்க்க வேண்டியது

தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 34. பள்ளி நாட்களில் சில ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவர். இப்போது கிட்டார் வாசித்துக்கொண்டே சினிமாப் பாடல்கள் பாட ஆசைப்படுகிறார். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. கடையில் ஒருவர் பெரிய கறுப்புக் கிட்டாரைக் காட்டி, ஸ்பீக்கரில் இணைக்கும் வசதியும் உண்டு என்றாராம். தம்பி எலக்ட்ரிக் கிட்டார்தான் விரலுக்கு எளிது என்கிறார். தோழி நைலான் கம்பி போட்டதை வாங்கச் சொல்கிறார். "என் விரல்கள் சிறியவை. எனக்கு இது வருமா? ஒன்பது வயது மகளும் அதிலேயே பழகலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

வரும். விரலின் நீளம் போதாமல் கிட்டாரைக் கைவிட்டவர்கள் அரிது. கம்பி உயரமாக இருந்ததால் கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குறை தங்கள் விரலில்தான் என்று அவர்களில் பலர் கடைசிவரை நம்பினார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எனவே கம்பெனி, மரம், நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால், கம்பிக்கும் அதன் அடியில் உள்ள ஃப்ரெட்டுக்கும் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்) இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கிட்டார்காரர்கள் அதை ஆக்‌ஷன் என்பார்கள். இடைவெளி அதிகமானால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கூடுதல் பலம் வேண்டும். அழுத்தும்போது கம்பி அளவுக்கு மீறி இழுபட்டு சுருதியும் ஏறிவிடும். வலியும் உண்டு, அபசுரமும் உண்டு. பாட்டுக் கற்றவர் என்பதால் உங்களுக்கு வலியைவிட அந்த அபசுரம் சீக்கிரம் வெறுத்துப்போகும்.

நான் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது வாங்கிய கிட்டாரோடு ஏழு மாதம் போராடினேன். சி கார்ட் (பல சுரங்களைச் சேர்ந்து ஒலிக்க வைக்கும் விரல் பிடி) பிடித்தால் முதல் கம்பி ஊமையாகிவிடும். எஃப் பிடித்தால் ஆறு கம்பிகளில் மூன்று 'டக்' என்று கட்டையைத் தட்டியது போல ஒலிக்கும். இடது கை விரல் நுனிகளில் பள்ளம் விழுந்து, காலையில் சட்டைப் பொத்தான் போடக்கூட வலிக்கும். விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, கிட்டார் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் விலை கேட்கப் போனேன். அவர் அதை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து நெக்கின், அதாவது கழுத்தின், ஓரமாக ஒரு பார்வை பார்த்தார். "இதிலா தம்பி இத்தனை நாள் பழகினீர்கள்?" என்றார். பிறகு கம்பிகளைத் தளர்த்தி, உடலில் கம்பிகள் வந்து முடியும் கட்டையான பிரிட்ஜில் செருகியிருந்த வெள்ளைப் பட்டையைக் குறடால் பிடுங்கினார். சேடில் என்பது அதுதான். அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டியிருந்த உப்புத்தாளில் அந்தக் கோடு வரை தேய்த்தார். வேட்டியில் கோலமாவு போலத் தூள் உதிர்ந்தது. திரும்பச் செருகி, சுருதி சேர்த்து, என் கையில் கொடுத்து, "எஃப் பிடியுங்கள்" என்றார். ஆறு கம்பிகளும் பேசின. மொத்தமே அரை மணி நேர வேலை.

அந்தக் கிட்டாரை நான் விற்கவில்லை. பிறகு யார் முதல் கிட்டார் பற்றிக் கேட்டாலும் அந்த உப்புத்தாள்தான் நினைவுக்கு வருகிறது.

கடைக்குப் போகும்போது வீட்டில் உள்ள ஏடிஎம் அட்டைகளில் ஐந்தை எடுத்துச் செல்லுங்கள். எழுத்துகள் மேடாகப் புடைத்திருக்கும் பழைய அட்டை வேண்டாம், தட்டையானதாக இருக்கட்டும். எந்த வங்கியின் அட்டையாக இருந்தாலும் தடிமன் 0.76 மி.மீ.தான், அது உலக அளவில் வகுத்த அளவு. முதலில் கிட்டாரைச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த கம்பியில் அளந்தால் அளவு பொய் சொல்லும். பிறகு நெக்கில் 12ஆவது ஃப்ரெட்டைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அங்கே இரட்டைப் புள்ளி இருக்கும். தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில், அந்த ஃப்ரெட்டின் மேல், அட்டைகளை அடுக்கி மெதுவாகச் செருகுங்கள். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் அங்கே 2.5 மி.மீ. அளவில் இடைவெளி இருப்பது நல்லது. மூன்று அட்டை நுழைந்து, சிறிதே இடம் மிஞ்சினால் சரி. நான்காவதும் கம்பியைத் தொடாமல் நுழைந்தால் அது 3 மி.மீ.க்கு மேல்; அப்படியே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மெல்லிய முதல் கம்பிக்கு 2 மி.மீ. போதும். நைலான் கிட்டாரில் கம்பிகள் அகலமாக அதிர்வதால் அளவு வேறு: ஆறாவது கம்பிக்கு 4 மி.மீ. வரை இயல்பு, அதாவது ஐந்து அட்டை.

உயரமாக இருக்கிறது என்பதற்காக உடனே ஒதுக்கவும் வேண்டாம். சேடில் பிரிட்ஜுக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி என்பதால், அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். சேடில் தாராளமாக வெளியே தெரிந்தால் தேய்த்து இறக்கிவிடலாம். ஏற்கெனவே பிரிட்ஜோடு படிந்து கிடந்தும் கம்பி உயரமாக இருக்கிறது என்றால், அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

அடுத்தது நட். நெக்கின் தலைப்பக்கத்தில், கம்பிகள் தனித்தனிப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் சிறு வெள்ளைக் கட்டை அது. புதிதாகப் பழகுகிறவரின் கை முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்தான் இருக்கும். அதனால் இந்தப் பள்ளங்கள் ஆழமில்லாமல் இருந்தால் வேதனை முழுவதும் அவருக்குத்தான். ஒவ்வொரு கம்பியையும் இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு சந்து தெரிகிறது என்று பாருங்கள். தலைமயிர் அளவு இருந்தால் நன்று. சந்து பளிச்சென்று தெரிந்தால் பள்ளத்தை அரத்தால் ஆழமாக்க வேண்டும். இது கைத்திறன் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. கொஞ்சம் கூடுதலாக அராவிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையத் தொடங்கும். வீட்டில் முயல வேண்டாம்.

பிறகு எல்லாக் கம்பிகளையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து 12 வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்கேயாவது 'ர்ர்' என்று இரைகிறதா? 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரம், திறந்த கம்பியின் மேல் ஸ்தாயி சுரத்தோடு அப்படியே சேர வேண்டும். உங்கள் காது பழகிய காது; சேரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட்டின் முனைகள் ரம்பப் பல் போலக் கீறக் கூடாது. பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள் முனை நுழைந்தால் பசை விட்டிருக்கிறது என்று பொருள்.

இனி தம்பி, தோழி, கடைக்காரர் ஆகிய மூவர் சொன்னதற்கும் வருகிறேன்.

தோழி சொன்ன நைலான் கிட்டார் உண்மையிலேயே விரலுக்கு மென்மையானது. ஆறு நைலான் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஸ்டீலில் அது 70 கிலோவைத் தாண்டும். ஆனால் அதன் நெக் அகலமானது. நட் இருக்கும் இடத்தில் 52 மி.மீ. அளவு வரும், ஸ்டீல் கிட்டாரில் 43 மி.மீ. போலத்தான் இருக்கும். இந்த 9 மி.மீ.யைத்தான் சிறிய கை உணரும். எஃப் கார்டில் சுட்டு விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வைக்கும்போது அது நன்றாகத் தெரியும். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் உள்ள தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நைலான் கம்பி போட்ட வழக்கமான கிளாசிக்கல் கிட்டாரில் அதிரும் கம்பியின் நீளம் 650 மி.மீ.; முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.5 மி.மீ. தூரத்தில் வரும். ஸ்டீல் கம்பி போட்ட யமஹா எஃப்310இல் கம்பியின் நீளம் 634 மி.மீ.; அங்கே அது 35.6. ஒரு மி.மீ. கூட வேறுபாடில்லை.

நைலானின் ஒலி உருண்டு வரும். விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டுவதற்காகவே அமைந்த கருவி. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் வகுத்த வடிவம்தான் இன்றும் பெரும்பாலும் தொடர்கிறது. உங்கள் ஆசிரியர் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், நைலான்தான். இளையராஜா பயின்று லண்டன் டிரினிட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது அந்த வழியில்தான். ஆனால் பாடலுக்குத் துணையாகக் கார்ட் பிடித்துத் தாளத்தோடு தடவி வாசிப்பதே உங்கள் விருப்பம் என்றால், ஸ்டீலின் தெளிவான ஒலிதான் குரலுக்கு நன்றாகத் துணை நிற்கும். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாற்பது கிலோவுக்காகக் கட்டிய பலகை எழுபதைத் தாங்காது. பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

தம்பி சொன்னதும் பொய்யில்லை. எலக்ட்ரிக்கில் கம்பி மெல்லியது, நெக் ஒடுக்கமானது, உயரமும் தாழ்வாக வைக்கலாம். முதலில் அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாமல் ஒலிப்பது), பிறகுதான் எலக்ட்ரிக் என்று ஒரு விதியும் கிடையாது. ராக் இசைதான் வேண்டும் என்றால் எலக்ட்ரிக்கிலேயே தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் தேவை வேறு. ஆம்ப் என்னும் ஒலிபெருக்கி இல்லாமல் எலக்ட்ரிக்குக்குக் குரல் இல்லை. பத்தாயிரத்தில் கிட்டார், ஆம்ப் இரண்டையும் வாங்கினால் இரண்டுமே சுமாராகத்தான் வரும்.

கடைக்காரர் காட்டிய பெரிய கிட்டார் ட்ரெட்நாட் வடிவமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1916இல் வடிவமைத்தது. 1906இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயரை அதற்கு வைத்தார்கள். உடல் 40 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் போல வரும். முழங்கும். ஆனால் உயரம் குறைந்தவர் மடியில் வைத்தால் வலது தோள் காதை நோக்கி ஏறிவிடும். அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். கடையில் கேட்கும்போது கான்செர்ட் அளவு என்று கேளுங்கள். இடுப்பு ஒடுங்கி, ஆழம் குறைந்து, உடம்போடு ஒட்டி உட்காரும். ஒலி சற்றே சிறியது. வீட்டுக் கூடத்தில் பாடுவதற்குத் தாராளம். ஸ்பீக்கரில் இணைக்கும் வசதி இந்த விலையில் வேண்டாம். மேடை ஏறும் நாள் வந்தால், கம்பியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பைத் தனியாகப் பொருத்திக்கொள்ளலாம். அதற்குக் கொடுக்கும் பணம் நெக்கிலும் ஃப்ரெட்டிலும் செலவாக வேண்டிய பணம்.

பலகை பற்றி நிறையக் குழப்புவார்கள். மேல் பலகை பிளைவுட்டாக இல்லாமல் முழு மரமாக இருந்தால் ஒலி உயிரோடு இருக்கும், வருடம் ஆக ஆகக் கனியும் என்பது உண்மை. ஆனால் அது காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும், வெயில் காலத்தில் விரிசல் விடும். கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கடலோர ஊரில் அது கனவு. பிளைவுட் பலகையை யாராவது மட்டமாகப் பேசினால் கவலைப்படாதீர்கள். தூத்துக்குடி உப்புக்காற்றில் முதல் கிட்டாருக்கு அதுதான் பாதுகாப்பான தேர்வு.

அப்படியானால் எதை வாங்குவது? யமஹாவின் எஃப்280, எஃப்310, நைலானில் சி40 ஆகியவற்றை ஆசிரியர்கள் அடிக்கடி பரிந்துரைப்பதற்குக் காரணம், நெக்கும் ஃப்ரெட்டும் கருவிக்குக் கருவி பெரிதாக மாறாமல் வருவதுதான். அந்தக் கம்பெனி 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலை நடத்துகிறது. இந்த எஃப் வகைகள் ட்ரெட்நாட் உடல் கொண்டவை என்பதால் மடியில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கொல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன் கிட்டார்களும் நம் ஊர்க் கடைகளில் வெகுகாலமாகக் கிடைக்கின்றன. பெயர் ஒத்திருக்கிறது என்று அமெரிக்காவின் கிப்சனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு. எந்தப் பெயராக இருந்தாலும் அட்டை சோதனைக்கு விலக்கு இல்லை. அதே மாடலில் இரண்டு மூன்றை எடுத்துப் பாருங்கள், ஒன்று மற்றதைவிட நன்றாக அமைந்திருக்கும்.

பத்தாயிரத்தையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஏழாயிரத்து ஐந்நூறில் நிறுத்திக்கொண்டு, மீதியை செட்டப் (கம்பி உயரத்தைச் சரிசெய்யும் வேலை), கிளிப் டியூனர் (தலைப்பக்கத்தில் மாட்டிச் சுருதி பார்க்கும் கருவி), கேபோ (ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), தடித்த பை, ஒரு செட் கம்பி ஆகியவற்றுக்கு வையுங்கள். கம்பி வாங்கும்போது "10 செட்" என்று கேட்டால் போதும். முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு தடிமன் என்று பொருள், அதாவது கால் மி.மீ. பல கிட்டார்களில் 12 செட் போட்டிருக்கும். அதிலிருந்து 10க்கு மாறினாலே விரல் நிம்மதிப் பெருமூச்சு விடும். ஒலி கொஞ்சம் மெலிவாகும், பரவாயில்லை. விரல் நுனி காய்த்த பிறகு 11க்கு ஏறலாம். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். உங்கள் ஊரில் வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்து துருப்பிடிக்க வைத்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், பசை இளகிவிடும்.

கேபோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. பாட்டு கற்றவர் என்பதால் உங்கள் கட்டை, அதாவது பாடும் சுருதி, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி. நீங்கள் ஐந்து கட்டையில் பாடுகிறவர் என்றால், தொடக்கத்தில் கற்கும் ஜி, சி, டி, இ மைனர் ஆகிய கார்டுகளே உங்கள் குரலுக்கு நேரே வந்து நிற்கும். ஐந்தரை என்றால் கேபோவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, அதே விரல் அமைப்புகளைப் பிடியுங்கள். ஆறு கட்டை என்றால் இரண்டாவது ஃப்ரெட். நாலரைக் கட்டைக்கு, டி, ஜி, ஏ கார்டுகளைப் பிடித்து நான்காவது ஃப்ரெட்டில் கேபோ. இன்னொரு நன்மையும் உண்டு: கேபோ போட்ட இடத்தில் கம்பி தாழ்வாக இருப்பதாலும் ஃப்ரெட்டுகள் நெருங்கி வருவதாலும் சிறிய விரலுக்கு எளிதாகிறது. முதல் மாதம் இரண்டாவது ஃப்ரெட்டில் கேபோ மாட்டியே பழகினாலும் தவறில்லை.

பழைய கிட்டார் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எத்தனையோ வீடுகளில் இரண்டு மாதம் வாசித்த கிட்டார் பரணில் கிடக்கிறது. அவற்றில் நல்லவையும் உண்டு. துருப்பிடித்த கம்பியைக் கண்டு ஒதுங்க வேண்டாம், அது மாற்றக்கூடியது. நெக் வில்லாக வளைந்திருக்கிறதா, பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராட் இருந்தால் லேசான வளைவைத் திருகி நிமிர்த்திவிடலாம்; அதன் திருகு தலைப்பக்கத்திலோ ஒலித் துளைக்குள்ளோ தெரியும். நைலான் கிட்டார்களில் பெரும்பாலும் அது இருக்காது. தொப்பை போட்டுவிட்டது என்றால் விட்டுவிடுங்கள்.

மகளுக்கு இந்தக் கிட்டார் பெரிது. ஒன்பது வயதுக்கு முக்கால் அளவு நைலான் கிட்டார் பொருந்தும். அதன் கம்பி நீளம் 580 மி.மீ. போல வரும், முழங்கையும் மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளாது. உடனே இரண்டு வாங்க முடியாது என்றால் உகுலேலே பாருங்கள். நான்கே நைலான் கம்பிகள். அதில் பிடிக்கும் விரல் அமைப்புகள் கிட்டாரின் மெல்லிய நான்கு கம்பிகளின் அமைப்புகளே, சுருதி மட்டும் ஏறியிருக்கும். அவள் அதில் கற்றது எதுவும் பின்னால் வீணாகாது.

கடையில் எதையும் அன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. மடியில் வைத்துப் பாருங்கள், அட்டையைச் செருகிப் பாருங்கள், "செட்டப் செய்து தருவீர்களா?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எந்த மாடல், சேடில் எவ்வளவு வெளியே தெரிந்தது, ஆறாவது கம்பிக்கு அடியில் எத்தனை அட்டை நுழைந்தது, நீங்கள் பாடும் கட்டை எது என்று எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.